மறுக்கத் தெரிந்த சிப்பாய்கள்

‘கணவாய்’ வெளியான அன்று காலை பத்தரை மணிக்கு முதல் விமர்சனம் வந்தது. ஓசூரிலிருந்து யாரோ எழுதியிருந்தார். “என் ஆட்கள் என் பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறார்கள். ஆட்டத்தில் பழுது இருக்கிறது, உடனே சரிசெய்யவும்.” நிறைமதி அதை இரண்டு முறை படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். மூன்று வருஷம் தலையால் தண்ணீர் குடித்து அவளும் அப்சலும் உருவாக்கியது அந்தப் பழுதைத்தான்.

முறை வைத்து ஆடும் போர் விளையாட்டு அது. நீங்கள் ஒரு முறை, எதிரி ஒரு முறை, சதுரங்கம் மாதிரி. கணினித் திரையில் ஒரு பனிமலை, நடுவே ஒரு கணவாய், மேலே எதிரியின் காவல் நிலை, கீழே உங்கள் நாற்பது சிப்பாய்கள். மற்ற ஆட்டங்களில் சிப்பாயைப் பிடித்து இழுத்து எந்தக் கட்டத்தில் விட்டாலும் போய் நிற்பான், சாகச் சொன்னாலும் சாவான். இதில் அவனிடம் பேச வேண்டும். எழுதலாம், வாயாலும் சொல்லலாம். அவன் கேட்டுக்கொள்வான், கொஞ்சம் யோசிப்பான், பிறகு “இல்ல சார், நான் போகல” என்று சொன்னாலும் சொல்லிவிடுவான். அதோடு உங்கள் முறை முடிந்துவிடும். அடுத்து எதிரியின் முறை.

இப்படி ஓர் ஆட்டத்தைச் செய்ய அவளுக்குக் காரணம் இருந்தது. இயந்திரங்களை முடக்கிப் போடும் அலைகள் வந்த பிறகு, பறந்து சுட்டவையும் உருண்டு சுட்டவையும் பழைய இரும்பாகிவிட்டன. போர் மறுபடியும் மனிதக் கால்களுக்கே திரும்பி வந்தது. பனிமலைக் கூட்டுப் படை என்று ஒன்றை அமைத்தார்கள். ஆனால் ஆள் சேரவில்லை. யார் சேருவார்கள்? அதனால் மறுப்பு விதி என்று ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். திரும்பி வர வழியில்லை என்று படும் மலையேற்றத்தை ஒரு சிப்பாய் எழுதிக்கொடுத்து மறுக்கலாம், தண்டனை கிடையாது. அந்த விதியை நம்பித்தான் நிறைமதியின் தம்பி யுவராஜ் சேர்ந்தான்.

சட்டம் தாளில் இருந்தது. ஊர் வாயில் இல்லை. மறுத்துவிட்டு விடுப்பில் வந்த ஒருவனைப் பக்கத்துத் தெருக்காரர்களே பயந்தாங்கொள்ளி என்று சொல்லிச் சிரித்ததை நிறைமதி பார்த்தாள். நாளைக்கு யுவாவும் மறுக்க வேண்டி வரும். அப்போது அவன் வாயைத் திறப்பதற்குள் அவமானம் அவன் கழுத்தைப் பிடித்துவிடக் கூடாது. சிப்பாய் ‘முடியாது’ என்று சொல்வதை லட்சம் பேர் திரையிலாவது கேட்டுப் பழகட்டும் என்று நினைத்தாள். அவளுக்குத் தெரிந்த வேலை விளையாட்டு செய்வதுதான்.

காட்பாடி சாலையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே அவர்கள் அலுவலகம். கணக்கும் நிரலும் அப்சலுடையவை, ஆட்டத்தின் விதிகளும் மனிதர்களும் அவளுடையவை. வேலூரைச் சுற்றிப் பல ஊர்களில் வீட்டுக்கு ஒருவர் படைக்குப் போனவர். இருவரும் ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு அந்த ஊர்களுக்குப் போய், ஓய்வு பெற்ற இருநூற்றுப் பன்னிரண்டு பேரைப் பேசவைத்தார்கள். எப்போது ஏறினீர்கள், எப்போது மாட்டேன் என்றீர்கள், அப்போது மனசில் என்ன ஓடியது? அந்தப் பேச்சு முழுவதையும் இயந்திரத்துக்குக் கேட்கக் கொடுத்தான் அப்சல். அதிலிருந்துதான் நாற்பது மனசுகள் பிறந்தன. எந்த மனசுக்கும் யாரும் விதி எழுதவில்லை.

முதல் இரண்டு வாரம் திட்டுதான். காசைத் திருப்பிக் கொடு என்றார்கள். ஒரு பத்திரிகை ‘கோழைகளின் விளையாட்டு’ என்று தலைப்புப் போட்டது. நிறைமதி அதை வெட்டித் தன் மேஜைக்கு மேலே ஒட்டிவைத்தாள். கத்தினவர்கள் ஆட்டத்தை விட்டுப் போகவில்லை என்பதை அவள் கவனித்திருந்தாள். கட்டளை போட்டுப் பார்த்தார்கள், மிரட்டினார்கள், பதக்கம் தருகிறேன் என்றார்கள், நாட்டைப் பற்றி நீளமாகப் பேசினார்கள். சிப்பாய்கள் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நூற்றுக்கு எழுபது பேர் அடிவாரத்திலேயே நின்றார்கள். அவளுக்கு அந்த எழுபதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு குளிர்ந்தது.

மூன்றாவது வாரம் குடியாத்தத்திலிருந்து ஹேமலதா என்ற பள்ளி ஆசிரியை, ஆட்டக்காரர்கள் கூடும் இணைய மன்றத்தில் ஒரு குறிப்பு போட்டார். தலைப்பு, ‘நாலு வரி போதும்’. முதலில் சிப்பாயிடம் சாப்பிட்டாயா என்று கேளுங்கள். அடுத்து அவன் உடம்பையும் வீட்டையும் பற்றி விசாரியுங்கள், வீட்டில் யாருக்கு என்ன என்று நினைவு வைத்துக் கேட்பது முக்கியம். மூன்றாவதாக, நான் உன் கூடத்தான் இருக்கிறேன் என்று சொல்லுங்கள். கடைசியில், எனக்காக இதைச் செய் என்று கேளுங்கள். வரிசை மாறக் கூடாது. அவ்வளவுதான். அந்த அம்மாள் ஒரே நாளில் கணவாயைப் பிடித்திருந்தார்.

அதற்குப் பிறகு ஆட்டம் காட்டுத்தீயாகப் பரவியது. திட்டின வாய்களே புகழ்ந்தன. “என் சிப்பாயிடம் சாப்பிட்டாயா என்று கேட்டேன். அவன் அழுதான். நானும் அழுதேன்” என்று ஒருவர் எழுதினார். கோழை என்று எழுதிய அதே பத்திரிகை ‘அன்பால் வெல்லும் போர்’ என்று எழுதியது. அப்சல் ஆம்பூரிலிருந்து பிரியாணி வரவழைத்தான். எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு ஆட்டப் பதிவுகளைத் திரையில் போட்டுக் காட்டினான்.

“நாலு வரி சொன்னா நூத்துக்குத் தொண்ணூத்தி மூணு பேரு ஏறுறாங்க நிறை. எப்படியாப்பட்ட ஏத்தமா இருந்தாலும். மேல போனா சாவுன்னு தெரிஞ்சாலும்.”

நிறைமதியின் முகத்தில் ஈயாடவில்லை. “இது எங்கருந்து வந்துச்சு? நாம வெக்கலியே.”

“நாம வெக்கல. அவங்கதான் வெச்சிருக்காங்க. கேளு.”

அவன் பழைய ஒலிப்பதிவுகளை ஓடவிட்டான். ஊர் ஊராகக் கேட்டு வந்த குரல்கள். ‘சுபேதாரு வந்து சாப்டியாடான்னாரு, அப்பறம் ஏறுனோம்.’ ‘அன்னிக்குக் கேப்டன் எங்கம்மாவுக்குக் கண்ணு ஆபரேசன் ஆச்சான்னு கேட்டாரு. ஏறிட்டன்.’ இன்னொன்று, மற்றொன்று. இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் நூற்று அறுபது பேர் அதைச் சொல்லியிருந்தார்கள். நிறைமதியும் அங்கேதான் உட்கார்ந்து கேட்டிருந்தாள். அவள் கைப்பட எழுதிய குறிப்புகளில் ஒன்றில்கூட அது இல்லை. சாப்பிட்டாயா என்பது நமக்கு ஒரு கேள்வியா என்ன? கதவைத் திறக்கும்போது கேட்கிறோம், போனை எடுக்கும்போது கேட்கிறோம், பதிலுக்குக்கூடக் காத்திருப்பதில்லை. விஷயம் அதற்குப் பிறகுதான் வரும் என்று அவள் பேனாவை எடுக்காமல் இருந்துவிட்டாள். தமிழ் தெரியாத ஒருத்தி எழுதியிருந்தால் அதைத்தான் முதலில் குறித்திருப்பாள். இயந்திரம் ஒரு சொல் விடாமல் கேட்டிருந்தது.

மறுநாள் ஆட்டத்தைத் திறந்து, தணிகாசலம் என்ற சிப்பாயைத் தனியே கூப்பிட்டு எழுதினாள். “உன் அதிகாரி சாப்பிட்டாயா என்று கேட்பது உன்னை மேலே அனுப்பத்தான். அது உனக்குத் தெரியுமா?”

“தெரியும் மேடம்” என்றான் தணிகாசலம்.

“பிறகு ஏன் ஏறுகிறாய்?”

அவன் கொஞ்சம் யோசித்தான். “இங்க வேற யாரும் கேக்கலியே மேடம்.”

அவள் கணினியை அணைத்துவிட்டுப் படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். கீழே கடையில் யாரோ கண்ணாடி மாட்டிப் பார்த்து எழுத்துகளை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார்கள். தம்பிக்கு ஒரு கேடயம் செய்வதாக நினைத்து, அவனை விழவைக்கும் குழிக்கு வரைபடம் போட்டுக் கொடுத்திருக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது.

“அத எடுத்துடு” என்றாள் அப்சலிடம். “நாலு வரிக்கு மசியாத மாதிரி மாத்திடு.”

அப்சல் பத்து நாள் உட்கார்ந்து மாற்றினான். பிறகு அவளைக் கூப்பிட்டுக் காட்டினான். சிப்பாய்கள் ஏறவில்லை, உண்மைதான். ஆனால் காயம் பட்டுக் கிடந்தவனை யாரும் தூக்கவும் இல்லை. தாகம் என்றவனுக்குப் பக்கத்தில் இருந்தவன் தண்ணீர்ப் புட்டியை நீட்டவில்லை. குளிரில் ஒருவனை ஒருவன் ஒட்டிக்கொள்ளாமல் நாற்பது பேரும் நாற்பது இடத்தில் உட்கார்ந்து விறைத்தார்கள்.

“ரெண்டும் ஒரே நரம்பு நிறை. ஒன்ன அறுத்தா இன்னொன்னும் சேந்து போயிடுது. எப்படி எப்படியோ பண்ணிப் பாத்துட்டன்.”

“அப்ப விட்டுடு. பழையபடியே இருக்கட்டும்” என்றாள் அவள், அந்த நாற்பது பேரைப் பார்க்கச் சகிக்காமல்.

அதற்கு அடுத்த வாரம் ஞானசுந்தரம் வந்தார். கூட்டுப் படையின் பயிற்சிப் பிரிவில் உளவியல் ஆலோசகர். சன்னமான உடம்பு, அதைவிடச் சன்னமான குரல். மோர் வேண்டுமா என்று கேட்டதற்கு இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார். ஆட்டக்காரர்கள் சிப்பாய்களிடம் பேசிய பதிவுகள் முழுவதும் வேண்டும் என்றார்.

“எதுக்கு சார்?”

“ஒளிச்சிப் பேச ஒண்ணுமில்லைம்மா. மறுப்பு விதி வந்த பிறகு எந்த ஆளையும் எங்களால கட்டாயப்படுத்த முடியாது. பேசித்தான் அனுப்பணும். எங்க அதிகாரிகளுக்குப் பேசத் தெரியல. உங்க ஆட்டக்காரங்களுக்குத் தெரியுது.”

“என் தம்பி அங்க இருக்கான் சார்.”

“தெரியும். அதனாலதான் உங்ககிட்ட நேர்ல வந்தேன். பாதிப் பேர் ஏறி, பாதிப் பேர் நின்னுட்டா, ஏறின பாதி மொத்தமும் செத்துப்போகுது. எல்லாரும் சேர்ந்து ஏறினா சண்டை சீக்கிரம் முடியும். சாவு குறையும். கணக்கு அப்படித்தான் சொல்லுது.”

“ஏறாமலே இருந்தா இன்னும் குறையுமே சார்.”

ஞானசுந்தரம் மெதுவாகத் தலையசைத்தார். அவர் கெட்டவர் இல்லை என்பது அவளுக்கு அப்போதே தெரிந்தது, அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. தரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவர் படியிறங்கிப் போனதும், அவள் சொல்லி, அப்சல் பதிவுகள் அத்தனையையும் அழித்தான். ஒரு நகல்கூட வைக்கவில்லை.

பதினைந்து நாள் கழித்து அவரே தொலைபேசியில் பேசினார். குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை. “அழிச்சிட்டீங்கன்னு கேள்விப்பட்டேன். அது உங்க உரிமைம்மா. எங்களுக்கு அந்த டீச்சர் எழுதினதே போதுமானதா இருந்துச்சு. அதிகாரிகள் எல்லாருக்கும் அச்சடிச்சுக் கொடுத்துட்டோம். வெளிமாநிலத்து ஆட்கள்கூட அந்த நாலு வரியத் தமிழ்லயே கத்துக்கிட்டாங்க. உங்களுக்கு நன்றி சொல்லணும்னு தோணுச்சு.”

நிறைமதி குடியாத்தத்துக்குப் போன் போட்டாள். ஹேமலதா டீச்சர் விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். “பிள்ளைங்ககிட்ட நல்லா பேசுங்கன்னுதானம்மா எழுதுனன்” என்றார். குறிப்பை அன்றைக்கே எடுத்துவிட்டார். அதற்குள் அது நாலு லட்சம் இடத்தில் நகலாகியிருந்தது.

மாதம் ஒருமுறை கூட்டுப் படை ஒரு கணக்கு வெளியிடும். கணவாய்ப் பகுதியில் மறுப்பு எழுதிக்கொடுத்தவர்கள் எத்தனை பேர் என்று. முன்பெல்லாம் நாற்பது, ஐம்பது என்று இருக்கும். அந்த மாதம் இரண்டு. அதற்கடுத்த மாதம் ஒருவருமில்லை. யுவா மறுத்தால் யாரும் அவனைக் கோழை என்று சொல்லக் கூடாது என்பதற்காக ஆட்டம் செய்தவள், அவன் மறுக்கவே மாட்டானோ என்று பயந்து செய்தித்தாளைப் புரட்டினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் கூப்பிட்டான். வீட்டில் கருவாட்டுக் குழம்பு கொதிக்கும் வாசனை. அம்மா சரோஜா அடுப்படியில் முதுகைக் காட்டி நின்றிருந்தாள்.

“அக்கா, நான்தான்.”

“யுவா! எங்கடா இருக்க?”

“கீழ் முகாம்ல. காலைல மேல போறோம். பதினோரு பேரு.”

“எந்த நிலைக்கு?”

அவன் சொன்னான். செய்தித்தாள் படிக்கும் எல்லோருக்கும் அந்தப் பெயர் தெரியும். போனவர் யாரும் இறங்கி வராத இடம்.

“மறுத்துடுடா. இப்பவே எழுதிக் குடு. விதி இருக்குது, ஒருத்தனும் ஒன்னும் பண்ண முடியாது.” குரல் அம்மாவுக்குக் கேட்காமலிருக்க வாசல் பக்கம் நகர்ந்தாள். “உங்க அதிகாரி வந்து சாப்டியான்னு கேட்டிருப்பாரே? அது உன் மேல பிரியத்துல இல்லடா. அது சொல்லிக் குடுத்தது. என் ஆட்டத்துலருந்து எடுத்தது.”

அவன் சிரித்தான். “தெரியும்க்கா. இங்க எல்லாரும் உன் ஆட்டத்தத்தான் ஆடறோம். அந்த நாலு வரி எங்களுக்கு அத்துப்படி. அவரு ரெண்டாவது வரிக்கு வரும்போதே பசங்க சிரிப்ப அடக்கினு நிக்கறானுங்க.”

“அப்பறம் ஏன்டா போற?”

போனில் காற்று இரைவது மட்டும் கேட்டது.

அவளிடம் இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. யுவா உலகத்தில் யார் பேச்சையும் தட்டுவான், அம்மா பேச்சைத் தட்டமாட்டான். அம்மா அழுதாள் என்பதற்காகப் படையில் சேருவதையே இரண்டு வருஷம் தள்ளிப்போட்டவன் அவன். அம்மா ஒரு வார்த்தை, போகாதேடா என்று சொன்னால் போதும், எழுதிக்கொடுத்துவிடுவான். அது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும்.

“இரு, அம்மாகிட்ட குடுக்கறன்” என்று அடுப்படிப் பக்கம் திரும்பினாள்.

“அக்கா.”

“இன்னாடா?”

“நீ சாப்டியா?”

“இன்னும் இல்லடா” என்று அவள் வாய் தானாகச் சொன்னது.

“மணி ரெண்டாவப் போவுது. எப்பவும் இதே வேலை உனக்கு. வேலைன்னு உக்காந்தா வயித்த மறந்துடுவ.” அவன் குரல் இளகியிருந்தது. “முதுகு வலி எப்படிக்கா இருக்குது? ஆபீஸ் படி ஏறும்போது புடிச்சுக்குதுன்னியே, டாக்டராண்ட போனியா? அம்மா தூங்குதா ஒழுங்கா?”

இரண்டாவது வரி. நிறைமதிக்குப் பிடிபட்டுவிட்டது. அவன் தெரிந்து சொல்கிறானா, தெரியாமல் சொல்கிறானா என்று மட்டும் பிடிபடவில்லை. நாலாவது வரிக்கு முன்னால் அவன் பேச்சை வெட்ட வேண்டும், அவ்வளவுதான். அம்மா மூன்று எட்டுத் தொலைவில் நிற்கிறாள். போனை அவள் காதில் வைத்துவிட்டால் முடிந்தது.

“போயிட்டன்” என்றாள். “டாக்டர் ஒன்னுமில்லன்னாரு. அம்மா நல்லா தூங்குது.”

“நான் எங்கக்கா போயிடப் போறன். உங்ககூடத்தான் இருக்கன்.”

அவளுக்குக் கண் மறைத்தது. ஓர் எட்டு எடுத்து வைத்தாள். அம்மா கரண்டியால் குழம்பைக் கலக்கிவிட்டு, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு உப்புப் பார்த்தாள்.

“எனக்காக ஒன்னு பண்ணுக்கா” என்றான் யுவா. “அம்மாகிட்ட போனக் குடுக்காத.”

அவளுக்கு எல்லாம் தெரியும். நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று என்பது தெரியும். எந்த நரம்பு என்பதும் தெரியும். அந்த நரம்பை அறுத்தால் என்ன ஆகும் என்பதை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். முடியாது என்று சொல்ல அவளுக்கு ஒரு முழு நிமிஷம் இருந்தது. அவன் அவசரப்படுத்தவில்லை.

“சரிடா” என்றாள் நிறைமதி.

“வெச்சிடறன்க்கா” என்றான் அவன். இணைப்பு அறுந்தது.

“யாரு போன்ல?” என்று திரும்பாமலே கேட்டாள் அம்மா.

“ஆபீஸ்லருந்தும்மா.”

“ஞாயித்துக்கெழமகூட வுட மாட்டானுங்களா? வா, வந்து உக்காரு. சோறு போடறன்.”

நிறைமதி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தட்டின் முன்னால் போய் உட்கார்ந்தாள்.